ஜப்பான் ட்ரிப் பிளான் பண்ண எந்த கைடுபுக் வாங்கறது?

மூட்டைமுடிச்சு:

எல்லாருக்கும் வணக்கம். நவம்பர் கடைசில நானும் அம்மாவும் ஜப்பான் போலாம்னு இருக்கோம், ரெண்டு வாரத்துக்குக் கொஞ்சம் குறைச்சலா. டோக்கியோவும் கியோட்டோவும் உறுதி, ஹிரோஷிமா மனசுல இருக்கு, மத்தது எதுவும் முடிவாகல. இதுக்கு முன்னாடி வெளிநாடு போனதெல்லாம் ஆபீஸ் வேலையா, யாரோ டிக்கெட் போட்டுக் குடுப்பாங்க, யாரோ வண்டி அனுப்புவாங்க, நானே உக்காந்து பிளான் போடறது இப்பதான்.

நெட்ல தேட ஆரம்பிச்சதுலேர்ந்து தலை சுத்துது. ஒருத்தர் கியோட்டோவுக்கு ரெண்டு நாள் தாராளம்ங்கறார், அடுத்தவர் அஞ்சு நாள் இல்லாம அந்தப் பக்கமே போகாதீங்கன்றார், ரெண்டு பேருமே அடிச்சுச் சொல்றாங்க. சரி, ஒழுங்கா ஒரு கைடுபுக் வாங்கி அதுல சொன்னபடி போயிடலாம்னு கடைக்குப் போனா ஜப்பானுக்கு மட்டும் ஒரு வரிசை முழுக்க இருக்கு. லோன்லி பிளானட், ரஃப் கைட்ஸ், டிகே, ஃபோடர்ஸ், இன்னும் பேர் தெரியாதது நிறைய. எல்லாத்தையும் புரட்டிட்டு எதையும் வாங்காம வந்துட்டேன், அட்டைல எல்லாத்துலயும் அதே ஃபுஜி மலை, அதே சிவப்பு வளைவு, உள்ள என்ன வித்தியாசம்னு நின்னுக்கிட்டே பாத்தா தெரியல.

எத வச்சு தேர்ந்தெடுக்கறது? தெரிஞ்சவர் ஒருத்தர்கிட்ட 2019 எடிஷன் ஒண்ணு கிடக்காம், சும்மா தர்றேன்றார், அது போதுமா? ஒண்ணு வாங்கினா போதுமா, ரெண்டு வேணுமா?

ரயில்கிறுக்கன்:

2019 எடிஷன வரலாறு படிக்க வாங்கிக்கோங்க, பிளான் போட வேண்டாம். கோயிலும் கோட்டையும் அங்கயேதான் இருக்கும், ஆனா அந்த நாட்டுக்குள்ள சுத்தற கணக்கே நடுவுல மாறிப்போச்சு.

ஜேஆர் பாஸ, அதாவது குறிப்பிட்ட நாளைக்கு நாடு முழுக்க ரயில்ல சுத்தற டிக்கெட்ட, உதாரணத்துக்கு எடுத்துக்கோங்க. அந்த வருஷத்துப் புத்தகம் எத எடுத்தாலும் முதல் வேலையா பாஸ் வாங்கிடுங்க, ரெண்டாவது யோசனையே வேணாம்னு இருக்கும், அப்ப அது நூத்துக்கு நூறு சரி, ஏன்னா 7 நாள் சாதாரண பாஸ் 29,650 யென், டோக்கியோலேர்ந்து கியோட்டோ போய்ட்டு வந்தாலே கிட்டத்தட்ட போட்ட காசு வந்துரும். 2023 அக்டோபர்ல அதே பாஸ் 50,000 யென் ஆயிடுச்சு. டோக்கியோ கியோட்டோ ஷின்கான்சென், அதாவது புல்லட் ரயில், ஒரு வழிக்கு சுமார் 14,000, போக வர 28,000, நீங்க சொல்ற ஹிரோஷிமா வரைக்கும் நீட்டிப் போய்ட்டு வந்தாக்கூட 40,000 பக்கம்தான் வரும். அதாவது உங்க ரூட்டுக்கு பாஸ் நஷ்டம்.

இதுல என்னன்னா விலை மட்டும் பழசுன்னா பேனாவால அடிச்சுத் திருத்திக்கலாம், ஆனா பழைய புத்தகத்துல இருக்கற ஐட்டினரரி, அதாவது நாள் வாரிப் பிளான், பூராவும் அந்த பாஸ மனசுல வச்சு போட்டது. அதனாலதான் எல்லாரும் டோக்கியோல இறங்கி, ஏழு நாளைக்குள்ள மேற்குப் பக்கம் ஒரு சுத்து சுத்திட்டு, மறுபடி டோக்கியோவுக்கே ஓடி வந்து விமானம் ஏறினாங்க. இப்ப டோக்கியோல இறங்கி ஒசாகா கன்சாய் ஏர்போர்ட்லேர்ந்து கிளம்பற மாதிரி டிக்கெட் போட்டா திரும்பி வர்ற ரயில் காசும் மிச்சம், அரை நாளும் மிச்சம். பழைய புத்தகத்த நம்பி உக்காந்தா இந்த யோசனையே வராது.

சில்லறை விஷயமும் நிறைய. ரயில் நேரம் பாக்க ஹைப்பர்டியான்ற சைட்டுக்குப் போங்கன்னு இருக்கும், அதுல தேடற வசதிய 2022லயே எடுத்துட்டாங்க. கியோட்டோல பஸ் ஒரு நாள் பாஸ் வாங்குங்கன்னு இருக்கும், அந்த பாஸே இப்ப கிடையாது, சப்வேயும் பஸ்ஸும் சேர்ந்த பாஸ்தான் இருக்கு. பெரிய சூட்கேஸ், அதாவது நீளம் அகலம் உயரம் மூணையும் கூட்டினா 160 செ.மீ. தாண்டற பெட்டி, அத டோக்கியோ கியோட்டோ லைன் ஷின்கான்சென்ல ஏத்தணும்னா அதுக்குன்னு இருக்கற சீட்ட முன்கூட்டியே புக் பண்ணணும், இது 2020 மே மாசம் வந்த ரூல்.

கடைல நின்னுக்கிட்டே ஒரு நிமிஷத்துல புத்தகம் புதுசா பழசான்னு பாக்கலாம். ரயில் பாஸ் பக்கத்தத் திறங்க, 29,650 யென்னு இருந்தா பழசு. டோக்கியோல டீம்லேப் பார்டர்லெஸ்னு ஒரு டிஜிட்டல் ஆர்ட் மியூசியம், அது எந்த ஏரியான்னு பாருங்க, ஒடாய்பான்னு இருந்தா புத்தகத்த மூடி வச்சுடுங்க, அது 2022ல அங்க மூடி 2024 பிப்ரவரில அசபுடாய் ஹில்ஸ்ல திறந்தாச்சு. ஹிரோஷிமா பக்கத்துல மியாஜிமா தீவுல இருக்கற பெரிய டோரி, அதாவது கோயில் வாசல் வளைவ, சுத்தி சாரம் கட்டியிருக்குன்னு எழுதியிருந்தா அதுவும் பழசு, ரிப்பேர் வேலை 2022 டிசம்பரோட முடிஞ்சுது. அட்டைல இருக்கற வருஷத்த நம்பாதீங்க, உள்ள காப்பிரைட் பக்கத்துல எத்தனையாவது எடிஷன், எந்த மாசம்னு இருக்கும், அதப் பாருங்க. சில சமயம் பழைய எடிஷனையே மறுபடி அச்சடிச்சு புது அட்டை போட்டிருப்பாங்க. புது எடிஷன்லயே எழுதறவங்க போய்ப் பாத்துட்டு வந்து எடிட் ஆகி கடைக்கு வர்றதுக்குள்ள பல மாசம் ஓடிப்போயிருக்கும், அத வேற கணக்குல வச்சுக்கணும்.

நூலகத்துப்பூனை:

ரயில்கிறுக்கன் சொன்னதுல தப்பில்ல, ஆனா தேதி மட்டும் பாத்து வாங்கினா போதும்னு நெனச்சுடாதீங்க. நேத்து அச்சான புத்தகம்கூட உங்களுக்கு எழுதினதா இல்லாம இருக்கலாம். ஒவ்வொரு கம்பெனியும் மனசுல ஒரு ஆள வச்சுக்கிட்டு எழுதறாங்க, அந்த ஆள் நீங்களா இல்லையான்னு கண்டுபிடிக்கறதுதான் வேலை.

நான் பண்றது இதான்: ஒரே ஒரு ஊரை எடுத்துக்கிட்டு எல்லா புத்தகத்துலயும் அந்த ஊர் பக்கத்த மட்டும் படிப்பேன். உங்களுக்கு கியோட்டோ. அங்க பாக்க வேண்டிய இடம் ஊர் நாலா பக்கமும் சிதறிக் கிடக்கு. கியோமிசு கோயிலும் கியோன்ற பழைய தெருப் பகுதியும் கிழக்குல, அராஷியாமா மூங்கில் காடு மேற்கு ஓரத்துல, தங்க மண்டபம் வடமேற்குல, வெள்ளி மண்டபம் வடகிழக்கு மலையடில, ஃபுஷிமி இனாரி கோயில் தெற்குல. இத தெரியாம டாப் டென் லிஸ்ட்ட கைல வச்சுக்கிட்டு காலைல தங்க மண்டபம், மத்தியானம் இனாரி, சாயங்காலம் அராஷியாமான்னு போட்டா பாதி நாள் பஸ்லயே போயிரும். அதனால புத்தகம் ஏரியா ஏரியாவா பிரிச்சிருக்கா, ஒரு ஏரியாவுக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு சொல்லுதா, எத விட்டாலும் பரவாயில்லன்னு தைரியமா சொல்லுதா, இந்த மூணையும் பாருங்க. மூணாவதுதான் ரொம்ப முக்கியம்னு நான் சொல்வேன். எல்லா இடத்தையும் அற்புதம் அழகுன்னு எழுதற புத்தகத்த வச்சு ஒண்ணுமே முடிவு பண்ண முடியாது.

இனி கம்பெனி கம்பெனியா, என் அபிப்பிராயம்தான், சண்டைக்கு வராதீங்க.

டிகே எடுத்தா படம். கோயில நெடுக்கா வெட்டி உள்ள எது எங்க இருக்குன்னு வரைஞ்சு காட்டற ஸ்டைல் அவங்களோடது, 1993லேர்ந்தே அப்படித்தான். எங்க போலாம்னு ஆசை வர்றதுக்கு அத விட நல்ல புத்தகம் கிடையாது, ஆனா எப்படிப் போறது, எங்க தங்கறதுன்னு வந்தா கொஞ்சம் மேலோட்டம். வழவழ பேப்பர், கனம் வேற.

ரஃப் கைட்ஸ் எழுத்து அதிகம், படம் கம்மி. கடைசில வரலாறு, மதம், கலைன்னு ஒரு பகுதி இருக்கும், விமானத்துல படிக்க நல்லா இருக்கும், ஒரு இடம் நல்லா இல்லன்னா இல்லன்னு சொல்ற பழக்கம் அவங்களுக்கு உண்டு. லோன்லி பிளானட்டப் பத்தி பழைய ஆளுங்க ரெண்டு கட்சி. முன்னாடி ஹோட்டல், பஸ் ஸ்டாண்டு, லாண்டரின்னு பொடி எழுத்துல அடைச்சு வச்சிருப்பாங்க, சமீபத்து டிசைன்ல அந்த லிஸ்ட் எல்லாம் நல்லா குறைஞ்சு, படமும் ஐடியாவும் கூடிப்போச்சு. ஹோட்டல நெட்ல பாத்துக்கறவங்களுக்கு அது ஒரு குறையே இல்ல, புத்தகத்த மட்டும் நம்பிப் போறவங்களுக்குத்தான் கை ஒடிஞ்ச மாதிரி இருக்கும். ஃபோடர்ஸ் கொஞ்சம் வசதியா போறவங்களுக்கு, பொறுக்கி எடுத்த இடம் மட்டும் இருக்கும். ரிக் ஸ்டீவ்ஸ தேடாதீங்க, நிறைய பேர் சிபாரிசு பண்ணுவாங்க, ஆனா அவர் புத்தகம் போடறது ஐரோப்பாவுக்கு மட்டும்தான். பிராட்னு ஒரு கம்பெனி, அது அதிகம் பேர் போகாத நாட்டுக்குப் பேர் போனது, ஜப்பானுக்கு அந்தப் பக்கம் போக வேண்டியதில்ல.

உங்க நிலைமைக்கு ஒண்ணே ஒண்ணு காசு குடுத்து வாங்குங்க, ரஃப் கைட்ஸ் இல்ல லோன்லி பிளானட், ரெண்டுல எது புதுசோ அது. டிகேய லைப்ரரில எடுத்து அம்மா கைல குடுத்துருங்க, அவங்களுக்கு எது பிடிச்சிருக்குன்னு பேப்பர் சொருகித் தரச் சொல்லுங்க, அதுலயே பாதி பிளான் முடிஞ்சிரும்.

சும்மாவந்தேன்:

இந்தக் காலத்துல யாருங்க கைடுபுக் எல்லாம் வாங்கறாங்க. யூட்யூப் இருக்கு, கூகுள் மேப் இருக்கு, ஏஐகிட்ட கேட்டா ரெண்டு நிமிஷத்துல நாள் வாரியா பிளான் போட்டுத் தருது. காச மிச்சம் பண்ணி அங்க போய் செலவு பண்ணுங்க.

அரைநிலா:

@சும்மாவந்தேன் நீங்க சொல்றதுல பாதிக்கு நான் ஒத்துக்கறேன். திறக்கற நேரம், டிக்கெட் விலை, விசா இந்த மூணையும் எந்தப் புத்தகத்துலேர்ந்தும் எடுக்கக்கூடாது, அது ஜப்பானுக்கு மட்டும் இல்ல எந்த நாட்டுக்கும்தான். இஸ்தான்புல் ஹயா சோஃபியாவ பழைய புத்தகத்துல பாத்தா மியூசியம்னு இருக்கும், 2020ல அத மசூதியா மாத்திட்டாங்க, 2024 ஜனவரிலேர்ந்து வெளிநாட்டுக்காரங்களுக்கு மேல் மாடத்துக்கு தனி டிக்கெட், தனி வாசல். குரோஷியா புத்தகத்துல பூரா விலையும் குனான்ற பழைய காசுல இருக்கும், அங்க 2023லேர்ந்து யூரோ, ஒரே விசால சுத்தற ஷெங்கன் நாடுகள்லயும் சேர்ந்தாச்சு. விசாவ தூதரக சைட்ல மட்டும் பாருங்க, கைடுபுக்ல இருந்துது, வீடியோல சொன்னார்னு கவுண்டர்ல போய் நிக்க முடியாது.

ஆனா மத்த பாதி இருக்கே. வீடியோ போடறவர் அவர் போன இடத்தத்தான் காட்டுவார், போகாம விட்டது எதுன்னு அவருக்கே தெரியாது. அவர் மழை இல்லாத நாள்ல காலைல அஞ்சு மணிக்கு இனாரில நின்னு எடுத்திருப்பார், நாம பத்து மணிக்குப் போய் நின்னா முன்னாடி இருக்கறவர் முதுகுதான் தெரியும். நல்ல கைடுபுக்ல ஒரே கண்ணால நாடு முழுக்கப் பாத்து இது அத விட பெரிசு, இதுக்கு ஒரு நாள் போதும், இது அந்த ஊரோட சேத்துப் பாக்க வேண்டியதுன்னு ஒரு அளவுகோல் வச்சிருப்பாங்க. மூட்டைமுடிச்சு கேக்கறது அதுதானே, கியோட்டோவுக்கு ரெண்டு நாளா அஞ்சு நாளான்னு. ஏஐ போட்டுத் தர்ற பிளான் பாக்க லட்சணமா இருக்கும், ஆனா மூடின நாள்ல மியூசியத்த போட்டு வைக்கும், ஊருக்கு இந்தக் கோடி அந்தக் கோடின்னு இருக்கற ரெண்ட அடுத்தடுத்து போட்டு வைக்கும். அத சரி பாக்கறதுக்காவது ஊர் அமைப்பு தெரிஞ்சிருக்கணும் இல்லயா.

காசு செலவு பண்ண மனசில்லன்னா விக்கிவாயேஜ் பாருங்க. விக்கிபீடியா நடத்தற அதே விக்கிமீடியாவோடது, 2013லேர்ந்து அவங்ககிட்ட இருக்கு, இலவசம், பிரிண்ட் எடுத்துக்கலாம். டோக்கியோவ ஏரியா ஏரியாவா பிரிச்சு வச்சிருக்காங்க. சில ஊர் பக்கம் பிரமாதம், சில ஊர் நாலு வரிதான் இருக்கும், அத மட்டும் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க.

சும்மாவந்தேன்:

சரி சரி, விக்கிவாயேஜ் இப்பத்தான் கேள்விப்படறேன். மியூசியம் மூடற நாள் விஷயமும் நியாயம்தான். வீடியோ பாக்கறத மட்டும் விட மாட்டேன் 😄

மூட்டைமுடிச்சு:

இவ்வளவு எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல, எல்லாருக்கும் நன்றி. பாஸ் விஷயம் தெரியாம போயிருந்தா கண்ண மூடிக்கிட்டு வாங்கியிருப்பேன், ஒசாகாலேர்ந்து கிளம்பற டிக்கெட் விலை இப்பவே பாத்துட்டேன், ஒண்ணும் பெரிய வித்தியாசம் இல்ல.

இன்னும் ரெண்டு சந்தேகம். ஆன்லைன்ல ஒரு ஜப்பான் கைடு பாத்தேன், தலைப்புலயே இந்த வருஷம், முழுசா அப்டேட் ஆனதுன்னு போட்டிருக்கு, நீங்க சொன்ன கம்பெனி எதுவும் இல்ல, விலை அதுல கால்வாசிதான், ரிவ்யூ எல்லாம் அஞ்சு ஸ்டார். வாங்கலாமா? அப்புறம் அம்மாவுக்கு முட்டி வலி உண்டு, சமதரைல நல்லா நடப்பாங்க, படிக்கட்டுதான் பிரச்சினை. இதெல்லாம் எந்தக் கைடுலயாவது எழுதியிருப்பாங்களா?

நூலகத்துப்பூனை:

வாங்காதீங்க!! ஏஐய வச்சு எழுதி தாங்களே அச்சடிச்சு விக்கற புத்தகமா இருக்க வாய்ப்பு நிறைய. 2023லயே நியூயார்க் டைம்ஸ் இதப் பத்தி பெரிசா எழுதினாங்க, அமேசான்ல பயண கைடுன்ற பேர்ல இந்த மாதிரி சரக்கு கொட்டிக் கிடக்கு, எழுதினவர்னு ஒரு பேர் ஒரு போட்டோ, அப்படி ஒரு ஆளே இருக்காரான்னு தேடினா கிடைக்க மாட்டார், ரிவ்யூவும் நம்பற மாதிரி இல்லன்னு.

கண்டுபிடிக்கறது ஒண்ணும் கஷ்டம் இல்ல. பதிப்பகம் பேர் இருக்கற இடத்துல சுயமா வெளியிட்டதுன்னு இருக்கும். எழுதினவர் பேர அமுக்கிப் பாருங்க, அதே ஆள் ஒரே மாசத்துல பெரு, போர்ச்சுகல், நாய் வளர்ப்புன்னு வரிசையா போட்டிருப்பார். சாம்பிள் பக்கத்தத் திறந்தா மேப் இருக்காது, பஸ் நம்பர் இருக்காது, எந்த ஸ்டேஷன்ல எந்த வாசல் வழியா வெளிய வரணும்னு இருக்காது, அழகிய நகரம் பழமையும் புதுமையும் கைகோர்க்கும் பூமின்னு பக்கம் பக்கமா இருக்கும். டோக்கியோ ஷின்ஜுகு ஸ்டேஷன்ல ஒரு தடவை வழி தேடின ஆள் எழுதினதா இல்லையான்னு ஒரு பத்தி படிச்சாலே தெரிஞ்சிரும். அஞ்சு ஸ்டார் ரிவ்யூவ விட்டுட்டு ஒரு ஸ்டார் ரிவ்யூ மட்டும் படிங்க, உண்மை அங்கதான் இருக்கும்.

தனி ஆள் எழுதி தானே வெளியிட்டது எல்லாமே மோசம்னு சொல்லல, ஒரே ஊர்ல வருஷக்கணக்கா இருந்து அந்த ஊரப் பத்தி மட்டும் எழுதறவங்க உண்டு, அவங்களோட சைட்டோ வேற எழுத்தோ தேடினா கிடைக்கும்.

ரயில்கிறுக்கன்:

அம்மா முட்டி விஷயத்துக்கு வர்றேன், இது ரொம்ப நல்ல கேள்வி, ஏன்னா பெரும்பாலான கைடுபுக் இதுல கோட்டை விடும். வசதிகள்னு பின்னாடி ஒரு பக்கம் இருக்கும், வீல்சேருக்கு எங்க கேக்கறது, எந்த ஸ்டேஷன்ல லிஃப்ட்னு. நடக்க முடியும் ஆனா படி ஏற முடியாதுன்னு இருக்கறவங்களுக்கு எவனும் எழுதறதில்ல. அதனால நீங்க வரிக்கு நடுவுல படிக்கணும். மலையடிவாரம், உச்சி, காட்சி மேடை, பாதைன்னு எங்க வருதோ அங்க படிக்கட்டுன்னு எடுத்துக்கோங்க.

ஃபுஷிமி இனாரி சிவப்பு வளைவுப் பாதை மலை மேல வரைக்கும் போகுது, உச்சி 233 மீட்டர், முழுசா ஏறி இறங்க ரெண்டு மூணு மணி நேரம். ஆனா கீழ இருக்கற பெரிய கோயிலும் வளைவு நெருக்கமா ஆரம்பிக்கற இடமும் கிட்டயேதான், அது வரைக்கும் போய்ட்டு திரும்பினாலே போதும், டிக்கெட்டும் கிடையாது, இருபத்திநாலு மணி நேரமும் திறந்திருக்கும். கியோமிசுவுக்கு ஏறற தெரு ஏத்தம், வழில படியும் இருக்கு, டாக்சி பிடிச்சா முக்கால்வாசி ஏத்தம் மிச்சம். மத்தபடி ஹிரோஷிமா அமைதிப் பூங்கா முழுக்க சமதரை, டிராம்லயே போய் இறங்கலாம், மியாஜிமா கோயிலும் கடலோரத்துல தட்டையான இடம். உங்க லிஸ்ட்டுக்கு கியோட்டோவ விட ஹிரோஷிமாதான் அம்மாவுக்கு சுலபம்னு சொல்வேன், அத மனசுல இருக்குன்னு விடாம உறுதி பண்ணிடுங்க.

மலை ஒண்ணாவது பாக்கணும்னு அவங்களுக்கு ஆசை இருந்தா டகாவோ. ஷின்ஜுகுலேர்ந்து கெய்யோ லைன்ல ஒரு மணி நேரத்துக்குள்ள போயிரலாம், 599 மீட்டர், பாதி வரைக்கும் கேபிள் கார். மிஷெலின்ல ரெஸ்டாரண்டுக்கு ஸ்டார் குடுக்கற சிவப்புப் புத்தகம் தவிர இடங்களுக்கு ஸ்டார் குடுக்கற பச்சைப் புத்தகம் ஒண்ணு இருக்கு, அதுல ஃபுஜிக்கு குடுத்த அதே மூணு ஸ்டார இந்த சின்ன மலைக்கும் குடுத்தாங்க, அப்புறம் கேக்கணுமா, நவம்பர்ல கூட்டம் அள்ளும். சனி ஞாயிறு போகாதீங்க, நவம்பர் 23 அங்க அரசு விடுமுறை, அன்னிக்கும் போகாதீங்க.

அரைநிலா:

ஸ்டார் பத்தி சொன்னதால ஒண்ணு. 19ம் நூற்றாண்டுல பேடேக்கர் கைடு காலத்துலேர்ந்தே இடத்துக்கு ஸ்டார் போடற பழக்கம் இருக்கு, பிளான் போடும்போது ரொம்ப உபயோகம்தான், ஆனா ஸ்டார் இருக்கற இடத்த மட்டும் பொறுக்கினா அதே ஸ்டார பாத்து வந்த கூட்டத்தோடதான் பூரா நாளும் நிக்கணும். நான் ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், அதே ஏரியால புத்தகத்துல ரெண்டு வரில முடிச்சிருக்கற ஒரு சின்ன இடம்னு போடுவேன், நடுவுல உக்கார நேரம். அம்மாவோட போறதுக்கு இது சரியா இருக்கும்.

திங்கக்கிழமை விஷயத்தையும் சொல்லிடறேன், டோக்கியோ நேஷனல் மியூசியம் மாதிரி நிறைய மியூசியம் திங்கள் லீவு, அன்னிக்கு அரசு விடுமுறை வந்தா திறந்து வச்சுட்டு செவ்வாய் மூடுவாங்க. புத்தகத்துல திங்கள் லீவுன்னு மட்டும்தான் பாதி நேரம் இருக்கும்.

மூட்டைமுடிச்சு:

ஏரியாவுக்கு ஒரு பெரிசு ஒரு சிறிசு, இது பிடிச்சிருக்கு. அப்ப கடைசி கேள்வி, அச்சுப் புத்தகமா இ-புக்கா? அம்மாவுக்கு அச்சு, எனக்கு போன்லயே இருந்தா நல்லதுன்னு தோணுது.

நூலகத்துப்பூனை:

பிளான் போடறதுக்கு அச்சு, தூக்கிட்டுப் போறதுக்கு இ-புக். திட்டம் போடும்போது முன்னாடி பின்னாடி புரட்டணும், ரெண்டு ஊர் மேப்ப ஒப்பிட்டுப் பாக்கணும், அது கிண்டில்ல பெரிய ரோதனை, மேப் ரெண்டு பக்கத்துக்குப் பிரிஞ்சு எழுத்தே படிக்க முடியாது. டிகே மாதிரி படத்த நம்பி இருக்கற புத்தகத்த கருப்பு வெள்ளை ரீடர்ல வாங்கறது வீண். அதுவே அங்க போய் தெருவுல நிக்கும்போது பேர டைப் பண்ணித் தேடறதுக்கு இ-புக்தான் சரி. ரெண்டும் வாங்க இஷ்டம் இல்லன்னா அச்சு வாங்கி, போற ஊர் பக்கத்த மட்டும் போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

ரயில்கிறுக்கன்:

புத்தகத்த கிழிச்சு அந்த ஊர் பக்கத்த மட்டும் பின் அடிச்சு எடுத்துட்டுப் போறவன் நான், பூனை இதப் படிச்சா என்ன திட்டும்.

நூலகத்துப்பூனை:

படிச்சிட்டேன். உங்க புத்தகம்ன்றதால விடறேன், லைப்ரரி புத்தகத்துல கை வச்சீங்கன்னா தெரியும்.

அரைநிலா:

மேப்புக்கு புத்தகத்தையே நம்பாதீங்க, ஆர்கானிக் மேப்ஸ்ன்ற ஆப்ல ஜப்பான முன்னாடியே டவுன்லோடு பண்ணிடுங்க, நெட் இல்லாம வேலை செய்யும். புத்தகத்துல பிடிச்ச இடத்த எல்லாம் அதுல குத்தி வச்சுட்டு கொஞ்சம் தள்ளி நின்னு பாத்தா எது எதோட சேரும்னு தானா தெரியும், கியோட்டோவுக்கு எத்தனை நாள்ன்ற கேள்விக்கும் அங்கயே பதில் கிடைக்கும். மூணு கொத்தா விழுந்தா மூணு நாள், அவ்வளவுதான். அப்புறம் புத்தகம் எதுன்னு முடிவாகட்டும், கியோட்டோ ரூம இன்னிக்கே பாருங்க, நவம்பர் கடைசி அங்க இலை சிவக்கற சீசன், கேன்சல் பண்ணா காசு திரும்ப வர்ற மாதிரி எதையாவது இப்பவே பிடிச்சு வச்சுட்டு அப்புறம் நிதானமா புத்தகம் தேடுங்க.